ஒரு சென்டிமீட்டர் பூமி

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். அதுதான் பூமி. இப்போது நிலாவை எங்கே வரைவீர்கள்? பெரும்பாலானவர்கள் பக்கத்திலேயே, இரண்டு மூன்று விரற்கடை தள்ளி வரைவார்கள். நாம் பார்த்து வளர்ந்த படங்களில் அது அங்கேதான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலா மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளி. அது இருக்க வேண்டிய இடமோ முப்பது சென்டிமீட்டர் தள்ளி. பள்ளிக்கூட ஸ்கேலின் ஒரு முனையில் பூமி, மறுமுனையில் நிலா. நடுவில் ஒன்றுமே கிடையாது.

அதே தாளில் சர்வதேச விண்வெளி நிலையத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அது தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நம் தாளில் அது 0.3 மில்லிமீட்டர். பூமிக்கு வட்டம் போட்டோமே, அந்தப் பென்சில் கோட்டின் கனத்துக்குள்ளேயே விண்வெளி நிலையம் அடங்கிப் போகும். சூரியனுக்கு ஒரு மீட்டரைவிடச் சற்றுப் பெரிய வட்டம் வேண்டும்; அதை வைக்க 117 மீட்டர் நடந்து போக வேண்டும். நெப்டியூனை வைக்க மூன்றரை கிலோமீட்டர்.

குழந்தைகளுக்காக விண்வெளிப் புத்தகம் வரைய உட்காரும் ஓவியர் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கணக்கோடுதான். கோளின் உருவத்தை ஒழுங்காகக் காட்டினால் தூரம் பொய்யாகிவிடும். தூரத்தை ஒழுங்காகக் காட்டினால் கோள் கண்ணுக்கே தெரியாது. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் ஏதோ ஒன்றைத் தப்பாக வரைந்தே ஆக வேண்டும். எதைத் தப்பாக வரையலாம், எதை வரையவே கூடாது என்று தீர்மானிப்பதில்தான் அந்த வேலையின் உயிர் இருக்கிறது.

இதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்று உண்டு. அளவில் செய்யும் தப்பைப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிச் சரிசெய்துவிடலாம். 'இங்கே இடம் போதாததால் கோள்களை நெருக்கி வைத்திருக்கிறோம்' என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரியும். அது வரையும் படத்திலும் அம்மா வீட்டைவிட உயரமாகத்தானே நிற்கிறாள்! ஆனால் காரணத்தில் செய்யும் தப்பு அப்படிப் போகாது. ராக்கெட் நேராக மேலே மேலே போய் ஓரிடத்தில் 'விண்வெளி'யை எட்டிவிடுகிறது, அங்கே ஈர்ப்பு விசை இல்லை, அதனால் எல்லாரும் மிதக்கிறார்கள் என்று ஒரு படம் சொல்லிவிட்டால், அந்தக் குழந்தை கல்லூரி முடித்த பிறகும் அதையே நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் ராக்கெட் கிளம்பிய சிறிது நேரத்திலேயே பக்கவாட்டில் சாயத் தொடங்குகிறது. உயரத்தைவிட அதற்கு வேகம்தான் முக்கியம். மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம் வந்தால்தான் பூமியைச் சுற்ற முடியும். விண்வெளி நிலையம் இருக்கும் உயரத்தில் ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பவர்களும் நிலையமும் சேர்ந்து ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டு வேகத்தால் பூமியைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதைப் படத்தில் காட்ட ஒரே ஒரு வளைந்த கோடு போதும். ராக்கெட்டின் புகைத்தடத்தை நேர்கோடாக விடாமல் கொஞ்சம் சாய்த்து வரைந்துவிட்டால், எழுத்து சொல்லாததையும் படம் சொல்லிவிடும்.

இந்த மாதிரி இடங்கள் இன்னும் சில உண்டு. வால்நட்சத்திரத்தின் வால் அது ஓடும் திசைக்குப் பின்னால் நீளுவதில்லை, சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நீளும். சூரியனை விட்டு விலகிப் போகும்போது வால் முன்னால் போகும். குறுங்கோள் பட்டையில் கற்கள் இடித்துக்கொண்டு கிடப்பதில்லை. பல விண்கலங்கள் எந்தச் சிரமமும் இல்லாமல் அதைக் கடந்து போயிருக்கின்றன. நிலாவிலிருந்து கிளம்பும் கலத்துக்கு அடியில் ஆரஞ்சு நிறத் தீ வேண்டாம். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 நிலாவைவிட்டுக் கிளம்பியதைத் தரையில் நிறுத்தியிருந்த கேமரா படமெடுத்தது. துணுக்குகள் சிதற, தீயே தெரியாமல் கலம் வெடுக்கென்று மேலே போகிறது.

குழந்தை விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று கேட்கலாம். எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் குழந்தை படத்தைத்தான் படிக்கிறது. பெரியவர் வரிகளை வாசித்துக்கொண்டு போக, அதன் கண் பக்கத்தின் மூலைமுடுக்கெல்லாம் மேயும். பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து அதுவே ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்ளும். 1992-ல் ஸ்டெல்லா வொஸ்னியாடோ, வில்லியம் புரூவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 60 தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் பூமியைப் பற்றி விசாரித்து எழுதிய ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். பூமி உருண்டை என்று பல குழந்தைகள் சொன்னார்கள். சரி, நேராக நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவோம் என்று கேட்டால் பதில்கள் விதவிதமாக வந்தன. சிலருக்குப் பூமி உருண்டையான ஒரு தட்டு. சிலருக்கு உள்ளே குடைந்த பந்து. நாம் அதற்குள் ஒரு சமதளத்தில் நிற்கிறோம். இன்னும் சிலருக்கு இரண்டு பூமி இருந்தது: நாம் நிற்பது ஒன்று, வானத்தில் தொங்கும் உருண்டை இன்னொன்று. கேள்வி கேட்ட விதத்தால்தான் இப்படிப் பதில்கள் வந்தன என்று பின்னால் வந்த சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எப்படியானாலும் அந்த இரண்டு பூமி என் மனதைவிட்டுப் போவதில்லை. காலடியில் இருக்கும் தரையும் படத்தில் இருக்கும் நீல உருண்டையும் ஒன்றுதான் என்று யாரோ ஒருவர் இணைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் படப்புத்தகத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு ஜன்னல், அப்புறம் ஒரு தெரு, அப்புறம் மேகத்துக்கு மேலிருந்து ஊர், அப்புறம் வளைந்த அடிவானம், அப்புறம் முழு உருண்டை: பக்கம் புரட்டப் புரட்ட மேலே போகலாம்.

தப்பாக வரைந்தவர்கள் எல்லாம் விஷயம் தெரியாதவர்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1609 ஜூலையில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்து வரைந்தார். பெரிய கணித அறிஞர். அவருடைய படத்தில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோடு கோணல்மாணலாக ஓடுகிறது, அவ்வளவுதான். சில மாதங்கள் கழித்து அதே நிலாவைப் பார்த்த கலிலியோ அந்தக் கோணலில் மலைகளின் நிழலைக் கண்டார். 1610-ல் அச்சிலும் கொண்டுவந்தார். கலிலியோவுக்கு ஓவியப் பயிற்சி உண்டு. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் மேட்டின் மறுபக்கத்தில் நிழல் எப்படி நீளும் என்று கைக்குத் தெரிந்ததால்தான் கண்ணுக்கும் தெரிந்தது என்று கலை வரலாற்றாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

1874-ல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், வானியலாளர் ஜேம்ஸ் கார்ப்பென்டரோடு சேர்ந்து நிலாவைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் தொலைநோக்கி வழியாக நிலாவின் மலைகளைத் தெளிவாகப் புகைப்படம் எடுக்க வழியில்லை. அதனால் நாஸ்மித் ஆண்டுக்கணக்காகத் தான் வரைந்து வைத்திருந்த படங்களைக் கொண்டு சுண்ணச் சாந்தில் நிலாவின் நிலப்பரப்பைச் செய்தார். அதை வெயிலில் வைத்து, நிழல் நீளமாக விழும்படி புகைப்படம் எடுத்தார். மலைகள் ஏன் உண்டாயின என்று விளக்க அந்தப் புத்தகத்தில் அவர் வைத்த படம் இன்றைக்கும் எந்த ஓவியருக்கும் பாடம்: சுருக்கம் விழுந்த ஒரு முதிய கையின் புறங்கை, பக்கத்தில் வதங்கிச் சுருங்கிய ஓர் ஆப்பிள். உள்ளே சுருங்கினால் மேல்தோல் மடிந்து மேடாகும் என்பது அவருடைய கருத்து. நிலாவின் பெரிய மலைகளும் பள்ளங்களைப் போலவே விண்கற்கள் மோதி உண்டானவை என்று இன்று தெரியும். கருத்து நிற்கவில்லை. ஆனாலும் ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல, கையில் இருப்பதை வைத்து எட்டாததை விளங்கவைத்த அந்த முறை நிலைத்துவிட்டது.

அவருடைய மாதிரிகளில் நிலாவின் மலைகள் ஊசி ஊசியாக இருந்தன. அங்கே காற்று இல்லை, மழை இல்லை, அரிப்பு இல்லை. ஆகவே மலை கூர்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு நூறு ஆண்டுகள் ஓவியர்களை ஆட்டிவைத்தது. அமெரிக்க ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் அதில் மிகப் பெரிய பெயர். கட்டடக் கலை படித்தவர், ஹாலிவுட் படங்களுக்குப் பின்னணி வரைந்தவர். 1944-ல் லைஃப் இதழில் வந்த அவருடைய சனிக்கோள் படங்களைப் பார்த்தவர்கள் புகைப்படமோ என்று மலைத்தார்கள். அவர் வரைந்த நிலாவிலும் செங்குத்தான சிகரங்கள்தான். ஆனால் அவருக்கு முன்பே பிரான்சில் லூசியன் ரூடோ என்பவர் உருண்டு தேய்ந்த குன்றுகளாக நிலாவை வரைந்துவிட்டார். ரூடோ ஓவியர் மட்டுமில்லை, தானே தொலைநோக்கி வைத்து வானத்தைக் கவனித்தவர். நிலாவின் விளிம்பை உற்றுப் பார்த்தால் மலைகளின் பக்கவாட்டுத் தோற்றம் தெரியும். அங்கே ஊசிமுனைகள் எதுவும் இல்லை. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த படங்களில் இருந்தவை ரூடோவின் குன்றுகள். காற்றும் மழையும் இல்லாவிட்டாலும் நுண்ணிய விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இடைவிடாமல் இடித்து அந்த மலைகளை மழுக்கியிருக்கின்றன. இன்றும் எத்தனையோ குழந்தைப் புத்தகங்களில் நிலாவில் ஊசிமலைகள் இருக்கின்றன. முந்தைய ஓவியரின் படத்தைப் பார்த்து வரைவதால் வரும் வினை இது.

சரி, அப்பல்லோ புகைப்படங்களைப் பார்த்தே வரைந்துவிடலாமே என்றால் அங்கேயும் பொறிகள் இருக்கின்றன. அப்பல்லோ 11-ன் கேமரா பெரும்பாலும் ஆர்ம்ஸ்ட்ராங் கையில் இருந்ததால் நிலாத் தரையில் எடுத்த நல்ல படங்களில் இருப்பவர் ஆல்ட்ரின். அந்தப் படத்தைப் பார்த்து வரைந்து 'நிலாவில் கால்வைத்த முதல் மனிதர்' என்று எழுதினால் ஆள் மாறிவிடும். இரண்டு பேரில் யார் என்று தெரியாத குழப்பத்தைத் தீர்க்கத்தான் பின்னால் கமாண்டரின் உடையில் சிவப்புப் பட்டை போட்டார்கள். நிலாத் தரையில் அந்தப் பட்டை முதலில் தெரிந்தது 1971-ல், அப்பல்லோ 14-ல். ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சிவப்புப் பட்டை போட்டு வரைந்தால் தப்பு. பூமியை அவருக்குப் பின்னால் அடிவானத்தில் அழகாகத் தொங்கவிட்டாலும் தப்பு. அவர்கள் இறங்கிய இடத்தில் பூமி 60 பாகைக்கும் மேலே, அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும் உயரத்தில் இருந்தது. அதோடு நிலாவின் நம் பக்கத்தில் நிற்பவருக்குப் பூமி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை; ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று தேய்ந்து வளரும். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8-லிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த புகழ்பெற்ற பூமி உதயம், கலம் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்ததால் தெரிந்த உதயம்.

நட்சத்திரப் பிரச்சினை இன்னும் பெரியது. நிலாவில் எடுத்த படங்களில் வானம் கன்னங்கரேலென்று இருக்கும், ஒரு நட்சத்திரம்கூட இருக்காது. பகல் வெளிச்சத்தில் பளீரென்று இருக்கும் தரைக்கும் வெள்ளை உடைக்கும் ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரங்கள் பதியாது. ஆனால் குழந்தைகள் புத்தகத்தில் நட்சத்திரமே இல்லாத வானத்தை எந்தப் பதிப்பாளர் எளிதில் ஒப்புக்கொள்வார்? இங்கே நான் பிடிவாதக்காரன்: பகல் நேரத்து நிலாவில் நட்சத்திரம் வேண்டாம். அந்தக் கருமைதான் அந்த இடத்தின் விநோதம். சூரியன் சுட்டெரிக்கும்போது வானம் கறுப்பாக இருக்கிறது என்பதைவிட ஒரு குழந்தையை நிமிர்ந்து உட்காரவைக்கும் விஷயம் வேறென்ன இருக்கிறது?

அந்தக் கறுப்பை அச்சில் கொண்டுவருவது தனி வித்தை. படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கணக்கில்தான் வரும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போக, கதைக்குப் பன்னிரண்டு பதினான்கு விரிபக்கங்கள் தேறும். விண்வெளிப் புத்தகத்தில் அவற்றில் பாதிக்கு மேல் கறுப்பு. கறுப்பு மையை மட்டும் போட்டால் தாளில் அது சாம்பல் பூத்தாற்போல வெளிறித் தெரியும். அதனால் அடியில் நீல மையும் மற்ற மைகளும் கொஞ்சம் சேர்த்து அடர்த்தியான கறுப்பு உண்டாக்குகிறார்கள். அளவு கூடினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். இதில்தான் நட்சத்திரங்கள் மாட்டுகின்றன. பல ஓவியர்கள் பழைய டூத் பிரஷ்ஷை வெள்ளைப் பெயின்டில் தோய்த்து, நாரைக் கட்டைவிரலால் வழித்துவிட்டுத் தாளில் நட்சத்திரம் தெளிப்பார்கள். கையால் ஒவ்வொன்றாக வைத்தால் வராத ஒழுங்கின்மை அதில் வரும். ஆனால் அச்சில் அந்த வெள்ளைப் புள்ளி என்பது மை படாமல் விட்ட ஓட்டை. நான்கு மைகளும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் ஓட்டை விட வேண்டும். ஒரு மை சற்று விலகினாலும் சின்ன நட்சத்திரம் மூடிப்போகும், இல்லையென்றால் ஓரத்தில் நீலமோ சிவப்போ கசியும். கறுப்புப் பின்னணியில் வரும் வெள்ளை எழுத்துக்கும் இதே கதி. அதனால்தான் நல்ல விண்வெளிப் புத்தகங்களில் எழுத்து தடிமனாக இருக்கும். அப்புறம் நடுமடிப்பு. விரிபக்கத்தின் நடுவே வைத்த கோளைப் பைண்டிங் விழுங்கிவிடும். சனியின் வளையத்தை அங்கே வைத்தால் வளையம் உடைந்து தெரியும்.

நிறத்துக்கு வருவோம். 1976 ஜூலையில் வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கி அனுப்பிய முதல் வண்ணப்படத்தை வெளியிட்டபோது அங்கே வானம் நீலமாக இருந்தது. வானம் என்றால் நீலம் என்ற பழக்கத்தில் நிறங்களைச் சமன்செய்துவிட்டார்கள். கலத்தின் மேலேயே இருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தியபோது தூசி கலந்த இளஞ்சிவப்பு வானம் வந்தது. செவ்வாயில் நீலம் தெரிவது அஸ்தமனத்தின்போது, சூரியனைச் சுற்றி மட்டும். நம் ஊர் வானத்தைத் தலைகீழாகத் திருப்பியது போல! இதை வரையக் கிடைத்த ஓவியரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. சனியின் நிலாக்களில் ஒன்றான டைட்டனுக்குப் போன்ஸ்டெல் வரைந்த வானமும் நீலம்தான். நீல வானத்தில் வளையத்தோடு சனி பிரமாண்டமாக நிற்கும். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கிப் பார்த்தபோது எங்கும் ஆரஞ்சு மூட்டம். அதற்குள்ளிருந்து பார்த்தால் சனி கண்ணுக்கே தெரியாது.

நெப்டியூனின் கதை இன்னும் புதியது. 1989-ல் வாயேஜர் 2 அனுப்பிய படங்களில் மேகங்கள் நன்றாகத் தெரியட்டும் என்று நிறத்தைக் கூட்டியிருந்தார்கள். அந்த அடர்நீலம் அப்படியே எல்லாப் புத்தகங்களிலும் ஒட்டிக்கொண்டது. 2024 தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் கணக்கைச் சரிபார்த்துச் சொன்னபடி, நெப்டியூனும் யுரேனஸும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வெளிறிய பசுநீலம். நெப்டியூனில் நீலம் ஒரு சாயல் கூடுதல், அவ்வளவே. ஆக, முப்பத்தைந்து ஆண்டுகளாக ஓவியர்கள் ஒரு தப்பான டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். சூரியன்கூட விண்வெளியிலிருந்து பார்த்தால் மஞ்சள் இல்லை, வெள்ளை.

நிறத்தை நேரில் பார்த்து வரைந்தவர்கள் ஒருசிலரே. 1965 மார்ச் 18 அன்று சோவியத் வீரர் அலெக்ஸி லியோனோவ் முதன்முதலாக விண்கலத்தைவிட்டு வெளியே வந்து சுமார் 12 நிமிடம் மிதந்தார். உடை உப்பிப்போய் உள்ளே திரும்ப முடியாமல், உடைக்குள் இருந்த காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டுத்தான் நுழைந்தார். அந்தப் பயணத்தில் அவர் ஒரு சின்னக் கலர் பென்சில் பெட்டி கொண்டுபோயிருந்தார். மிதந்து போய்விடாமல் இருக்க ஒவ்வொரு பென்சிலும் நூலால் கட்டப்பட்டிருந்தது. சுற்றுப்பாதையிலிருந்து தெரிந்த சூரிய உதயத்தை, பூமியின் வளைந்த ஓரத்தில் அடுக்கடுக்காக மாறும் நிறங்களை அங்கேயே வரைந்தார். விண்வெளியில் வரைந்த முதல் படம் அது. உள்ளங்கை அகலத் தாள், நூல் கட்டிய பென்சில். ஒரு குழந்தையின் கையில் இருப்பதும் அதே பென்சில்தான் என்பதால் இந்தக் காட்சி எந்த விண்வெளிப் புத்தகத்திலும் இடம்பெறத் தகுந்தது.

நிலாவில் நடந்த நான்காவது மனிதர் ஆலன் பீன், 1981-ல் நாசாவைவிட்டு விலகி முழுநேர ஓவியரானார். நிலாத் தூசி படிந்த தன் உடைச் சின்னங்களைப் பொடிப்பொடியாக வெட்டிச் சாயத்தோடு கலந்தார். அங்கே பயன்படுத்திய சுத்தியலாலும் காலணியின் அச்சாலும் படத்தின் பரப்பில் தடம் பதித்தார். அவருடைய நிலாவில் ஊதாவும் பச்சையும் பொன்னிறமும் இருக்கும். நேரில் பார்த்த நிலா சாம்பல் நிறம்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே நிறம் சேர்த்தார். இதைத்தான் நான் நேர்மையான மீறல் என்பேன். உள்ளது என்னவென்று தெரிந்த பிறகு கை நீட்டும் சுதந்திரம் அது.

குழந்தைப் புத்தகம் வீட்டில் பல ஆண்டுகள் இருக்கும், அக்காவிடமிருந்து தம்பிக்குப் போகும். விண்வெளி அதற்குள் மாறிவிடும். சனிக்கு இத்தனை நிலா என்று எண் போட்டு எழுதுவது வீண். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து 274 ஆகிவிட்டது. புளூட்டோவை நோக்கி நியூ ஹொரைசன்ஸ் கலம் 2006 ஜனவரியில் கிளம்பியபோது அது ஒன்பதாவது கோள். அதே ஆண்டு ஆகஸ்டில் அது தனி வகையாக, குள்ளக்கோளாகிவிட்டது. 2015 ஜூலையில் கலம் போய்ச் சேர்ந்தபோது, அதுவரை ஓவியர்கள் சாம்பல் பந்தாக வரைந்துவந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் வெளிறிய இதயம் போன்ற ஒரு சமவெளி தெரிந்தது. பட்டியலில் இருந்து புளூட்டோவை எடுத்துவிடுவதைவிட இந்த முழுக் கதையையும் சொல்வது மேல். 1930-ல் அதற்குப் பெயர் சொன்னதே வெனீஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமிதான்.

மாறிய தகவல்களிலேயே கனமானது லைக்காவின் கதை. 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2-ல் போன அந்த நாயைத் திரும்பக் கொண்டுவர ஏற்பாடே கிடையாது. சில நாட்கள் உயிரோடு இருந்தது என்றே பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். வெப்பம் கூடி, சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது என்று 2002-ல் தெரியவந்தது. ஜன்னல் வழியாக நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரிக்கும் லைக்காவை இன்றும் வரைகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதற்காகக் குழந்தையைக் கொதிக்கும் கூண்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். கிளம்புவதற்கு முன் விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கி என்ற மருத்துவர் லைக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் குழந்தைகளோடு விளையாடவிட்டார். அந்த மாலையை வரையலாம். அடுத்த பக்கத்தில் அது திரும்பி வரவில்லை என்று ஒரே வரி. மீதிக் கேள்விகளைக் குழந்தை கேட்கும். மடியில் வைத்திருப்பவர் பதில் சொல்லட்டும்.

செவ்வாயில் ஓடும் ரோவர்களுக்குக் கண் வரையலாமா என்பதும் இதே மாதிரி ஒரு கேள்வி. க்யூரியாசிட்டிக்கு உண்மையிலேயே ஒரு கழுத்து இருக்கிறது, அதன் மேல் கேமராக்கள் கண்கள் போலவே அமைந்திருக்கின்றன. தனியாகச் சிரிப்பு வரைய வேண்டியதே இல்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், குழந்தை அதோடு பேச ஆரம்பித்துவிடும். சக்கரங்களில் உள்ள துளைகள் மண்ணில் புள்ளியும் கோடுமாகப் பதியும். அதை உருவாக்கிய ஆய்வகத்தின் பெயர்ச் சுருக்கம் மோர்ஸ் குறியீட்டில் அப்படிப் பதிகிறது. மணல் பக்கத்தில் அந்தத் தடத்தைச் சரியாக வரைந்துவைத்தால், ஒரு நாள் ஒரு குழந்தை அதைத் தானே படித்துவிடும்.

ராக்கெட்டும் வீரரும் வரைந்து முடித்த பிறகு பெரும்பாலும் விடுபட்டுப்போவது அறைக்குள் இருந்தவர்கள். அப்பல்லோ உடைகளைத் தைத்தவர்கள் உள்ளாடை தைத்துப் பழகிய பெண்கள். இருபதுக்கும் மேற்பட்ட அடுக்குகள், தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். மறந்து உள்ளே விட்ட ஓர் ஊசி ஓர் உயிரை வாங்கிவிடும். வரைபவருக்கு இதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! தையல் இயந்திரத்தின் மேல் குனிந்த தலை, விளக்கு வெளிச்சம், கீழே வெள்ளைத் துணியாகக் குவிந்து கிடக்கும் ஒரு விண்வெளி வீரர். 1965-ல் அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல், அப்பல்லோவுக்கு முந்தைய ஜெமினி திட்டத்தின் வீரர்களை வரைய ஒப்புக்கொண்டபோது, உண்மையான உடை ஒன்று வேண்டும் என்று கேட்டு நாசாவிடமிருந்து இரவல் வாங்கினார். மடிப்பும் கொக்கியும் எங்கே எப்படி விழும் என்று பார்க்காமல் அவரால் வரைய முடியவில்லை.

இனி அந்த ஒரு சென்டிமீட்டர் பூமி. 25 சென்டிமீட்டர் அகலப் பக்கம் என்றால் விரித்துவைத்த புத்தகம் அரை மீட்டர். அட்டையைத் திறந்ததும் வரும் உட்தாளில், இடது ஓரத்தில் பூமியையும் முப்பது சென்டிமீட்டர் தள்ளி, நடுமடிப்பைத் தாண்டி நிலாவையும் வைக்க இடம் இருக்கிறது. சரியான அளவில், சரியான தூரத்தில், நடுவில் வெறும் கறுப்போடு. புத்தகம் முழுக்க நெருக்கியும் பெருக்கியும் வரைந்தாலும் இந்த ஒரு பக்கம் பொய் சொல்லாது. கீழே ஒரு வரி: சூரியன் வேண்டுமானால் புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நட. சின்னக் குழந்தையின் ஓர் எட்டும் அரை மீட்டர்தான் இருக்கும். 234 எட்டு போனால், அங்கே இன்னொரு குழந்தை தன் உயரத்துக்கு ஒரு வெள்ளை வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.